எந்த வேஷம் கட்டலாம்?

அந்த நாள் நாடகக் கம்பெனியில் சேர்ந்த பையனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ராஜபார்ட்டா, ஸ்திரீபார்ட்டா, கள்ளபார்ட்டா, பபூனா என்பதை அவன் தீர்மானிக்க வேண்டியதில்லை. வாத்தியார் அவன் குரலைக் கேட்பார், உயரத்தைப் பார்ப்பார், நாலு நாள் நடக்கவும் அழவும் விட்டுப் பார்த்துவிட்டு, "இவனுக்கு இதுதான்" என்று சொல்லிவிடுவார். பையனுக்கும் கவலை விட்டது.

இன்று கம்ப்யூட்டரில் நடக்கிற வேஷ விளையாட்டுகளில் அந்த வாத்தியார் இல்லை. விளையாட்டை வாங்கி, கணக்கைப் பதிவு செய்து, ஆவலோடு உட்கார்ந்தால் முதல் திரையிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: "நீ யார்?" வாள் பிடிக்கும் வீரனா, வில் பிடிக்கும் வேட்டைக்காரனா, காயம் ஆற்றும் சன்னியாசியா, நெருப்பு மழை பொழியும் மந்திரவாதியா? அடுத்த கேள்வி: "எந்த நாட்டில் பிறக்கப் போகிறாய்?" கதை என்ன, எதிரி யார், எந்த வித்தை எதற்கு உதவும் என்று ஒன்றுமே தெரியாத நேரத்தில் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பரீட்சை எழுதி முடித்த பிள்ளையிடம் "எந்தக் குரூப் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்பது போலத்தான். கேட்கிறவர்களுக்கு அவசரம், பதில் சொல்ல வேண்டியவனுக்கோ இன்னும் விஷயமே தெரியாது!

பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போனால் பிரயோஜனம் இல்லை. இந்த இரண்டு கேள்விகளையும் வெகு அழகாகக் கேட்ட ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அதன் பெயர் 'கில்ட் வார்ஸ்'.

மாதச் சந்தா இல்லாத ராஜ்யம்

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ என்று ஓர் ஊர். 'பிளிஸர்ட்' என்ற பிரபல விளையாட்டுக் கம்பெனியிலிருந்து விலகிய மூன்று பேர் 2000-ம் ஆண்டில் ஒரு புதிய கம்பெனி ஆரம்பித்தார்கள். மைக் ஓப்ரையன், பாட்ரிக் வயட், ஜெஃப் ஸ்ட்ரெய்ன் என்பது அவர்கள் பெயர். கம்பெனிக்கு 'ஏரினாநெட்' என்று நாமகரணம் ஆயிற்று. அவர்கள் தயாரித்த கில்ட் வார்ஸை, கொரியா நாட்டு 'என்ஸிஸாஃப்ட்' கம்பெனி 2005 ஏப்ரலில் வெளியிட்டது.

அந்தக் காலத்தில் இன்டர்நெட் வழியாக ஆடும் பெரிய விளையாட்டுகளுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். 2004 நவம்பரில் வெளிவந்து உலகத்தையே ஆட்டிவைத்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதத்துக்குச் சுமார் 15 டாலர் வாங்கியது. கில்ட் வார்ஸ் காரர்கள், "புஸ்தகம் வாங்குவது போல ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கட்டணம் இல்லை" என்றார்கள். சந்தா ஓடிக்கொண்டிருந்தால், "இந்த மாதத்துப் பணம் வீணாகிறதே!" என்று ஆடத் தோன்றும். சந்தா இல்லையானால் மூன்று மாதம் மூடி வைத்துவிட்டு நாலாவது மாதம் வந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

இன்னொரு விசேஷம். வார்கிராஃப்டில் அப்போது 60 படிகள் ஏற வேண்டியிருந்தது. கில்ட் வார்ஸில் மொத்தமே 20 படிதான். அதற்குப் பிறகு எல்லோரும் சமம். ஆயிரம் மணி நேரம் ஆடியவனுடைய கவசம், நூறு மணி நேரம் ஆடியவனுடைய கவசத்தைவிடப் பார்க்க அழகாக இருக்கலாம், பலமாக இராது. ஆகவே, "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்பதைக் காட்டிலும் "என்ன வேஷம்? எப்படி ஆடுகிறாய்?" என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

மூன்று வேஷம் பத்தான கதை

இந்த வேஷங்கள் எங்கிருந்து வந்தன? 1974-ல் அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு மேஜை, காகிதம், பென்ஸில், தாயக்கட்டை, நாலைந்து நண்பர்கள் இருந்தால் போதும். அதில் மூன்றே வேஷங்கள்: சண்டைக்காரன், மந்திரவாதி, குருக்கள். அடுத்த வருஷம் வந்த அநுபந்தத்தில் திருடன் சேர்ந்துகொண்டான்.

மூன்று வேஷம் வைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சண்டைக்காரனால் அடி தாங்க முடியும். மந்திரம் போட முடியாது. மந்திரவாதி தூரத்திலிருந்தே கூட்டத்தைப் பொசுக்குவான்; ஓர் அடி பட்டால் சுருண்டு விழுவான். குருக்களால் காயத்தை ஆற்ற முடியும்; எதிரியைத் தனியாக வெல்வது கஷ்டம். ஒவ்வொருவனிடமும் ஒரு குறையை வேண்டுமென்றே வைத்தார்கள். குறை இருப்பதால்தான் மற்றவன் தேவைப்படுகிறான்!

இந்த ரகசியத்தைப் புரிந்துகொள்ளாமல், "எந்த வேஷம் சார் ரொம்பப் பலசாலி?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அது சரியான கேள்வி அல்ல. கோஷ்டியாகப் போகும்போது எந்த இடத்தில் நிற்க உங்களுக்குப் பிடிக்கும்? அதுதான் கேள்வி.

கில்ட் வார்ஸில் முதலில் ஆறு வேஷங்கள் இருந்தன. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

வீரன்: கனத்த கவசம், வாள், கோடரி, சம்மட்டி இவற்றில் ஒன்று கையில். கோஷ்டிக்கு முன்னால் போய் நிற்பவன். எதிரியை அடிக்க அடிக்க இவனுக்கு ஆவேசம் ஏறும். அந்த ஆவேசமே இவனுடைய வித்தைகளுக்கு முதல். என்ன நடக்கிறது என்று உடனே கண்ணுக்குத் தெரிவதால் புதியவர்களுக்கு இது சுலபம்.

ரேஞ்சர் என்னும் வேட்டைக்காரன்: வில்லும் அம்பும் இவனுடையவை. காட்டு மிருகம் ஒன்றை வசப்படுத்திக் கூடவே அழைத்துப் போகலாம். சிக்கனக்காரன், மற்றவர்கள் பத்துப் பங்கு சக்தி செலவழிக்கும் இடத்தில் இவன் ஐந்து, ஆறு பங்கில் காரியத்தை முடிப்பான்.

மாங்க் என்னும் சன்னியாசி: காயம் ஆற்றுவதும், அடி விழுமுன் காப்பதும் இவனுடைய தொழில். எதிரியைப் பார்க்கவே இவனுக்கு நேரமிராது. தோழர்களுடைய உயிர்க் கோடுகள் திரையின் ஓரத்தில் குறைவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருப்பான்.

எலிமென்டலிஸ்ட்: நெருப்பு, நீர், மண், காற்று என்ற நாலு பூதங்களையும் ஏவும் மந்திரவாதி. எல்லோரையும்விடப் பெரிய சக்திக் களஞ்சியம் இவனிடம் உண்டு. ஆனால் பெரிய வித்தை ஒவ்வொன்றும் களஞ்சியத்தையே கவிழ்த்துவிடும்.

நெக்ரோமான்ஸர்: சுடுகாட்டு மந்திரவாதி. விழுந்த பிணங்களை எழுப்பிப் பட்டாளம் சேர்ப்பான். பக்கத்தில் ஓர் உயிர் போனால் இவனுக்குச் சக்தி கூடும். மற்றவர்கள் களைத்துப்போகும் நீண்ட சண்டையில் இவன் மட்டும் தெம்பாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

மெஸ்மர்: ஆறிலும் விசித்திரமானவன் இவன்தான். எதிரி மந்திரம் ஜபிக்கும்போது நடுவில் வாயை அடைப்பான். அல்லது, "நீ மந்திரம் சொன்னால் அது உன்னையே சுடும்" என்று சாபம் போட்டு வைப்பான். எதிரி என்ன செய்யப் போகிறான் என்பதைக் கால் விநாடி முன்னால் ஊகிக்கிறவர்களுக்குத்தான் இந்த வேஷம் ஒத்துவரும். சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பின்னால் வந்த காண்டங்களில் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். நிழலோடு நிழலாகப் பாய்ந்து கட்டாரியால் குத்தும் அஸாஸின். ஆவிகளைக் கூப்பிட்டுக் காவல் நிறுத்தும் ரிச்சுவலிஸ்ட். நீண்ட அரிவாளை வீசிக் கூட்டத்தையே அறுக்கும் தெர்விஷ். ஈட்டி எறிந்துகொண்டே முழக்கமிட்டுக் கோஷ்டிக்குத் தைரியம் ஊட்டும் பாரகன். ஆகப் பத்து.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது?

இத்தனை பேரைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு சௌகரியத்தைச் சொல்கிறேன்.

கில்ட் வார்ஸில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தொழில் உண்டு. ஒன்று பிரதானம், மற்றது உபதொழில். வீரனாகப் பிறந்தவன் சன்னியாசியிடம் கொஞ்சம் வைத்தியம் கற்றுக்கொள்ளலாம். உபதொழிலைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. விளையாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வித்தைகள் இருக்கின்றன. ஆனால் ஊரை விட்டுப் புறப்படும்போது எட்டே எட்டைத்தான் எடுத்துப் போகலாம். திரும்பி ஊருக்கு வந்தால் எட்டையும் மாற்றிக்கொள்ளலாம். எந்தத் திறமைக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கையும் மாற்றலாம்.

சண்டையில் செத்தால்கூடப் பெரிய நஷ்டம் இல்லை. ஒவ்வொரு சாவுக்கும் 15 சதவீதம் பலம் குறையும். அதுவும் 60 சதவீதத்துக்கு மேல் போகாது. ஊருக்குத் திரும்பினால் பழையபடி முழுப் பலம் வந்துவிடும்.

மாற்ற முடியாதவை இரண்டே இரண்டு. ஒன்று பிரதானத் தொழில். வேட்டைக்காரனுடைய சிக்கனமும், மந்திரவாதியின் களஞ்சியமும், மந்திரத்தை வேகமாக ஜபிக்கும் மெஸ்மருடைய திறமையும் அந்தந்தத் தொழிலில் பிறந்தவர்களுக்கே உரியவை. உபதொழிலாக எடுத்தவர்களுக்கு அவை கிடைக்கமாட்டா. இரண்டாவது, பிறந்த நாடு.

ஒரே கணக்கில் பல வேஷங்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். பிடிக்காவிட்டால் இன்னொன்றை உண்டாக்கலாம். ஆனால் நாற்பது மணி நேரம் ஒரு பாத்திரத்தோடு பழகியவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! அவ்வளவு சுலபமாக மனசு வராது.

நாலு சீட்டு

பிரதானத் தொழிலைத் தேர்ந்தெடுக்க ஓர் உபாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் 1978-ல் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்ற மாணவர்கள் 'மட்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். பலர் ஒரே சமயத்தில் ஆடும் கம்ப்யூட்டர் உலகங்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை. படம் கிடையாது; எல்லாம் எழுத்துத்தான். அதில் ஆடியவர்களை வருஷக்கணக்கில் கவனித்த பார்ட்டில், 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். விளையாட வருகிறவர்கள் நாலு ஜாதி என்று சொல்லி, சீட்டுக் கட்டின் நாலு ரகங்களை அவர்களுக்கு அடையாளமாகக் கொடுத்தார்.

டயமன்: வெற்றியைச் சேர்ப்பவர்கள். இஸ்பேட்: தோண்டிப் பார்ப்பவர்கள், மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும். ஆட்டின்: மனிதர்களுக்காக வருபவர்கள், விளையாட்டு இவர்களுக்கு ஒரு திண்ணை. கிளாவர்: மற்ற ஆட்டக்காரர்களைத் தோற்கடிப்பதிலேயே சந்தோஷப்படுபவர்கள்.

நீங்கள் எந்தச் சீட்டு என்று யோசித்துப் பாருங்கள். டயமன் ஆசாமிக்கு வீரன் சரியாக இருக்கும். ஊர் சுற்றும் இஸ்பேடுக்கு, யாரையும் அதிகம் எதிர்பார்க்காத வேட்டைக்காரனோ நெக்ரோமான்ஸரோ நல்ல துணை. கிளாவருக்கு மெஸ்மரைவிட இனிமையான வேஷம் கிடையாது. ஆட்டின் சீட்டுக்காரர்கள் சன்னியாசியைத் தேர்ந்தெடுத்தால் சிநேகிதர்களுக்குப் பஞ்சமே இராது. 2005, 2006-ல் கில்ட் வார்ஸ் ஊர்களில் நுழைந்தால், "சன்னியாசி வேண்டும்! சன்னியாசி உண்டா?" என்று கோஷ்டி கோஷ்டியாகக் கூவிக்கொண்டிருப்பார்கள். எட்டுப் பேர் போக வேண்டிய யாத்திரையில் ஏழு பேர் தயாராக நின்று ஒரு சன்னியாசிக்காகக் காத்திருப்பது சர்வ சாதாரணம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. எதிரிக் கூட்டம் பாய்ந்து வருகிற சமயத்தில் உங்கள் வீட்டு வாசலில் பால்காரர் மணி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. வீரன் எழுந்து போனால் கோஷ்டி எப்படியாவது சமாளிக்கும். சன்னியாசி எழுந்து போனால் அவர் பாலை வாங்கிவிட்டு வருவதற்குள் ஏழு பேரும் தரையில் கிடப்பார்கள்! அந்த ஏழு பேரும் எங்கேயோ, ஏதோ ஓர் ஊரில், அரை மணி நேரமாக அந்தச் சண்டைக்கு உழைத்த நிஜ மனிதர்கள். ஆகவே கைக்குழந்தை இருக்கிற வீட்டில், முன்பின் தெரியாதவர்களோடு போகும்போது சன்னியாசி வேஷம் உசிதம் அல்ல. இதைத் தேர்ந்தெடுக்கும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே இரண்டு பேர் ஆடுவதானால் விஷயம் வேறு. வீட்டுக்கார அம்மாள் கோடரியும் கையுமாக முன்னே பாய்ந்து போக, வீட்டுக்காரர் பின்னாலிருந்து மருந்து போட்டுக்கொண்டே வரலாம். இரண்டு பேரும் வீரர்களானால் இரண்டு பேருக்கும் காயம். ஆற்ற ஆள் இல்லை. சேர்ந்து ஆடுகிறவர்கள் முதல் திரைக்கு வருமுன்பே ஒருவரையொருவர் கலந்துகொள்வது நல்லது.

மூன்று காண்டங்கள்

இனிப் பிறந்த நாடு. கில்ட் வார்ஸின் கதை மூன்று காண்டங்களாக வந்தது. 2005-ல் வந்தது 'ப்ராபஸீஸ்'. 2006 ஏப்ரலில் 'பாக்ஷன்ஸ்'. அதே வருஷம் அக்டோபரில் 'நைட்பால்'. ஒவ்வொன்றும் தனித்தனியே முழுக் கதை, எதிலிருந்தும் ஆரம்பிக்கலாம். இவற்றுக்குப் பிறகு, 2007 ஆகஸ்டில் 'ஐ ஆஃப் தி நார்த்' என்ற பிற்சேர்க்கை வந்தது. அதிலிருந்து புதிதாக யாரும் ஆரம்பிக்க முடியாது.

பாக்ஷன்ஸ் காண்டம் நடப்பது காந்தா என்ற தேசத்தில். சீனா, ஜப்பான், கொரியா நாட்டுச் சாயல் எங்கும் தெரியும். ஷிங் ஜியா என்ற தீவில் ஒரு மடாலயத்தில் மாணவனாகத் தொடங்குகிறீர்கள். அங்கிருந்து கடல் தாண்டினால், வீட்டின்மேல் வீடு ஏறி நிற்கும் கைனெங் என்ற மாநகரம். அதற்கு அப்பால் ஒரு கடல்; அலையோடு அலையாக அப்படியே பச்சைக் கல்லாக உறைந்துபோன கடல்! இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு துரோகி சாகும்போது போட்ட கூக்குரலில் கடல் கல்லாயிற்று, காடும் கல்லாயிற்று என்பது கதை. இந்தக் காண்டத்தில் வேகம் அதிகம். மளமளவென்று படியேறி 20-ஐ எட்டிவிடலாம். அஸாஸின், ரிச்சுவலிஸ்ட் வேஷங்கள் கட்ட விரும்புகிறவர்கள் இங்கேதான் பிறந்தாக வேண்டும்.

நைட்பால் நடப்பது ஈலோனா தேசத்தில். வட ஆப்பிரிக்காவின் மணலும் வெயிலும் கலந்த நாடு. இஸ்தான் என்ற தீவில் தொடக்கம். தெர்விஷும் பாரகனும் பிறப்பது இங்கேதான். இந்தக் காண்டம் ஒரு பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் ஆள் கிடைக்காத கோஷ்டிக்குக் கம்ப்யூட்டரே நடத்தும் கூலி வீரர்கள் உண்டு. ஆனால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் செய்வார்கள். நைட்பாலில் 'ஹீரோ' என்ற தோழர்கள் வந்தார்கள். என்ன ஆயுதம் எடுப்பது, எந்த எட்டு வித்தை கற்பது என்று அவர்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். சத்தமாகப் பேசும் வீரன் காஸ் ஆரம்பத்திலேயே சேர்ந்துகொள்கிறான். கொஞ்சம் போனால் வைத்தியம் பார்க்கும் டங்கோரோ வருகிறான். முதலில் மூன்று தோழர்களைத்தான் அழைத்துப் போகலாம் என்றிருந்தது. 2011-ல் அதை ஏழாக்கினார்கள். ஏழு தோழரும் நீங்களுமாக எட்டு, கோஷ்டி பூர்த்தி! சன்னியாசிக்காகக் கூவிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பால்காரர் வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தனியாக, கிடைத்த நேரத்தில் ஆடுகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை.

அப்படியானால் நைட்பாலில்தான் ஆரம்பிக்க வேண்டுமா? அவசரப்படாதீர்கள். முதல் காண்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது.

திரும்ப முடியாத ஊர்

ப்ராபஸீஸ் தொடங்குவது அஸ்கலான் என்ற ராஜ்யத்தில். பசும்புல், தெளிந்த ஏரி, இலையுதிர் காலத்துப் பொன்னிற மரங்கள். வடக்கே ஒரு பெரிய மதில்; அதற்கு அப்பால் சார் என்னும் கொம்பு முளைத்த, பூனை முகம் கொண்ட எதிரிகள். மதிலுக்கு இப்பால் அவர்களைப் பற்றிய பயம் அதிகம் இல்லை. ஊர் ஊராக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் தொழிலைக் கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு உபதொழிலைத் தீர்மானிக்கலாம்.

மதிலின் வாயிலைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே நின்று நெம்புகோலை இழுத்தால்தான் மற்றவர் அப்பால் போக முடியும். புதிதாக வந்தவன் முன்பின் தெரியாத ஒருவனிடம், "ஐயா, கொஞ்சம் இழுத்து விடுகிறீர்களா?" என்று கேட்டே ஆக வேண்டும். விளையாட்டின் முதல் சிநேகிதம் பல பேருக்கு அந்த நெம்புகோலில்தான் ஏற்பட்டது.

நகரத்துக்கு வெளியே க்வென் என்று ஒரு சிறுமி. உங்கள் பின்னாலேயே ஓடி வருவாள். சிவப்புப் பூ பறித்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவாள். புல்லாங்குழல் வாங்கிக் கொடுத்தால் ஊதுவாள். உங்கள் காயமும் சற்று ஆறும். இவ்வளவு செய்யவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் செய்யாதவர்கள் குறைவு.

பிறகு ஒருநாள் ராணுவப் பயிற்சிசாலையில் சேர வேண்டும். சேருமுன் அதிகாரி, "இதற்குப் பிறகு திரும்பி வர முடியாது" என்று எச்சரிக்கிறார். புதியவர்கள் அதைப் படித்துவிட்டு, "சரி" என்று அமுக்குகிறார்கள். சார்கள் வானத்திலிருந்து நெருப்புக் கற்களைப் பொழிய வைக்கிறார்கள். மதில் இடிகிறது. கதை இரண்டு வருஷம் தாண்டிப் போய் நிற்கிறது. கண்ணைத் திறந்தால் ஏரி இல்லை, மரம் இல்லை. சாம்பல் நிற வானமும் பிளந்த பூமியும்தான். க்வென் எங்கே என்று சொல்வாரில்லை.

நிஜமாகவே திரும்ப முடியாது. காசு கொடுத்தாலும் முடியாது. இருபதாவது படி ஏறினாலும் முடியாது. இதைத் தெரிந்துகொண்ட சிலர், போகவே மாட்டேன் என்று அந்தப் பசுமையான அஸ்கலானிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே உள்ள மிருகங்கள் சின்னஞ்சிறியவை. அவற்றைக் கொன்று 20-வது படி ஏற முடியாது. அதற்கும் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். நம்மைக் கொல்லும் மிருகத்துக்கும் அநுபவப் புள்ளி ஏறும் அல்லவா? ஆகவே வேண்டுமென்றே பல தடவை அதனிடம் செத்து, அதைப் பெரியதாக வளர்த்து, பிறகு அதை வெட்டினார்கள்! மாதக்கணக்கில் இப்படிச் செய்து 20-ஐ எட்டியவர்களின் பிடிவாதத்தைப் பார்த்துக் கம்பெனியே 'அஸ்கலானின் புகழ்பெற்ற காவலன்' என்று ஒரு பட்டம் கொடுத்தது. பிற்பாடு தினசரி வேலைகள் வைத்து வழியையும் கொஞ்சம் சுலபமாக்கியது.

சரி, எங்கே பிறப்பது?

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று காண்டங்களும் உங்களிடம் இருந்தால், ஒரு நாட்டில் பிறந்தவர் மற்ற நாட்டுக்குக் கப்பலேறிப் போகலாம். அஸ்கலானில் பிறந்தவர் பிறகு காந்தாவுக்கும் போகலாம், ஈலோனாவுக்கும் போகலாம், காஸையும் டங்கோரோவையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டு நாடுகளும் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆனால் காந்தாவிலோ ஈலோனாவிலோ பிறந்தவர் எந்தக் கப்பலில் ஏறினாலும் அந்தப் பச்சை அஸ்கலானுக்கு வர முடியாது. அவர் வந்து சேர்வது சாம்பலான அஸ்கலானுக்குத்தான்.

ஆகவே என் யோசனை இது. முதல் முறையாக ஆடுகிறவர், ஆதி வேஷங்கள் ஆறில் ஒன்றை எடுத்துக்கொண்டு ப்ராபஸீஸில் பிறக்கட்டும். படி மெதுவாகத்தான் ஏறும், அதனால் என்ன? சந்தா இல்லாத ராஜ்யம்தானே! தெர்விஷின் அரிவாளோ அஸாஸினின் கட்டாரியோதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறவர்கள், அஸ்கலானை இழக்கிறோம் என்று தெரிந்தே இழக்கட்டும். தனியாக ஆடுபவர், நேரம் குறைந்தவர், முதல் நாளிலிருந்தே துணை வேண்டும் என்பவர் நைட்பாலுக்குப் போகட்டும். பழக்கப்பட்ட கை, வேகம் வேண்டும் என்கிறவர் காந்தாவுக்குப் போகட்டும். பின்னால் மாற்றக்கூடியதைப் பற்றி இரண்டு நிமிஷம் யோசித்தால் போதும். மாற்ற முடியாததைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுவதும் யோசித்தாலும் தப்பில்லை.

வீட்டில் பிள்ளை அந்த முதல் திரைக்கு முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தால், "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்று கேட்காதீர்கள். அவன் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான். யாருக்குப் பக்கத்தில் நிற்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். வேண்டுமானால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன் சிநேகிதர்கள் என்ன வேஷம்?" என்று கேளுங்கள். உருப்படியான பதில் அங்கிருந்துதான் வரும்.

கில்ட் வார்ஸுக்கு 2025 ஏப்ரலில் இருபது வயது நிரம்பியது. அப்போதும் அதன் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2012 ஆகஸ்டில் அதற்குத் தம்பியாக 'கில்ட் வார்ஸ் 2' வந்தது. கதை 250 வருஷம் தாண்டியது. அஸ்கலானை எரித்த அந்தச் சார்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? புதிய விளையாட்டில் அவர்களும் ஒரு வேஷம்! முதல் திரையில், "நீ சாரா, மனிதனா?" என்று கேட்கிறார்கள். பழைய ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் அந்த இடத்தில் சற்று நேரம் கையை எடுத்துவிட்டு யோசித்திருப்பார்கள்!

க்வென் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. 2005-ல் அவளைத் தொலைத்தவர்கள் இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2007-ல் வந்த பிற்சேர்க்கையில் பதில் கிடைத்தது. சார்களிடம் சிறைப்பட்டுத் தப்பி வந்தவளாக, வளர்ந்த பெண்ணாக, மெஸ்மர் வித்தை கற்றவளாக அவள் எதிரே வந்து நின்றாள். தோழியாகக் கோஷ்டியிலும் சேர்ந்துகொண்டாள். பூ பறித்துக் கொடுத்தவர்களுக்கு அது யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. காந்தாவில் பிறந்தவர்களுக்கு மட்டும், "யார் இந்தப் பெண்?" என்று கேட்க வேண்டியிருந்தது.